பக்கத்து வீட்டை இடித்தார்கள், எங்கள் சுவர் பிளந்தது: பொதுச்சுவர் தகராறை எப்படித் தீர்ப்பது?

குடந்தைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பழைய தெரு ஒன்றில் எங்கள் வீடு. தாத்தா காலத்துக் கட்டடம். ஓட்டுத் தாழ்வாரம், முற்றம், கூடத்துக்கு மேலே மெட்ராஸ் ஒட்டு, அதாவது தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தளம். தெருவில் எல்லா வீடுகளும் ஒன்றை ஒன்று ஒட்டித்தான் நிற்கும். எங்களுக்கும் கிழக்கு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றரை அடி அகலத்தில் ஒரே சுவர். பத்திரத்தில் 'கீழ்புறச் சுவர் பொதுச்சுவர்' என்று இருக்கிறது.

கிழக்கு வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார். மகனுக்கு ஓசூரில் வேலை. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கீழே ஒன்று, மேலே ஒன்று கட்டப் போவதாகச் சொன்னார், சந்தோஷம் என்றோம். ஆள் வைத்துக் கையால் இடிப்பதாகத்தான் பேச்சு. வந்து நின்றது ஜேசிபி. அவர்கள் பக்கத்து உத்திரங்களைப் பிடுங்கியபோதே எங்கள் கூடத்தில் காரை கொட்டியது. மாடப்பிறையின் மூலையில் தொடங்கிய விரிசல் சாய்வாக மேலேறி உத்திரத்தைத் தொடுகிறது. அதில் ஐந்து ரூபாய் நாணயம் தாராளமாகப் போகும். சமையலறையிலும் ஒன்று, கொஞ்சம் மெல்லியது. வெளியே போய்ப் பார்த்தால் சுவர் பூச்சே இல்லாமல் செங்கல்லோடு நிற்கிறது, அவர்கள் உத்திரம் இருந்த இடமெல்லாம் ஓட்டை. இப்போது அந்தச் சுவரை ஒட்டியே தூணுக்குக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

கேட்டால் காண்ட்ராக்டர், "நூறு வருஷ வீடு சார், விரிசல் முன்னாடியே இருந்திருக்கும்" என்கிறார். மகன் போனில், "இருபதாயிரம் தர்றேன், பூசிக்குங்க" என்கிறார். எங்களுக்குத் தெரிந்த இன்ஜினியர் சொல்லும் தொகை கிட்டத்தட்ட 4 லட்சம். அப்பா போலீஸுக்குப் போகலாம் என்று நிற்கிறார். அம்மா, "அவங்க அம்மாவை அக்கான்னு கூப்பிட்டுட்டு எப்படிப் போறது" என்கிறார். ஐப்பசி மழைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. எதை முதலில் செய்வது?

கடைவீதி:
ஸ்டேஷனில் ஒரு புகார், மாநகராட்சியில் ஒரு புகார், வார்டு கவுன்சிலரிடம் ஒரு நடை. வேலையை நிறுத்தினால் ஆள் ஓசூரிலிருந்து ஓடி வருவார். வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் யாரும் வேலை நிற்பதைத் தாங்க மாட்டார்கள். பேச்சுவார்த்தை, உறவு என்று இருந்தால் அந்த இருபதாயிரமும் வராது.

சுண்ணாம்புக்காரை:
பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய கட்டடங்களோடுதான் பாதி உத்தியோகம் போனது.

தம்பி, புகார், பணம் எல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கூடத்தில் யாரும் படுக்காதீர்கள். மெட்ராஸ் ஒட்டில் பாரம் முழுக்க உத்திரத்தின் இரண்டு முனைகளில்தான் இறங்கும். உங்கள் உத்திரங்களின் கிழக்கு முனை அந்தப் பொதுச்சுவருக்குள் இருக்கிறது. அவர்கள் பக்கத்து உத்திரத்தைப் பிடுங்கிய ஓட்டைக்கு நேர் பின்னாலேயே உங்கள் உத்திரத்தின் முனை இருக்கலாம். சுவர் அங்கே பாதி கனம்தான். அந்தச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி, கூடத்தின் நீளத்துக்கும் ஒரு மரம் கொடுத்து, அதன் கீழே இரும்பு ஜாக்கி வரிசையாக நிறுத்துங்கள். வாடகைக்குக் கிடைக்கும். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது.

வெளியே சுவரின் தலையில் தார்ப்பாய் போட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல் கட்டுங்கள். அந்தக் காலத்துச் சுவரில் வெளிப்பக்கம்தான் சுண்ணாம்புக் காரை, உள்ளே மண் சாந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். இத்தனை நாள் இரண்டு வீட்டுக் கூரையின் கீழே நனையாமல் இருந்த சுவர் அது. மழை பட்டால் மண் சாந்து கரைந்து செங்கல் தனித்தனியாகிவிடும். இப்போதிருக்கும் விரிசலைவிட எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

குழி விஷயம். பழைய வீட்டு அஸ்திவாரம் பெரும்பாலும் மூன்று, நாலு அடிக்கு மேல் போகாது. அவர்கள் தூணுக்கு ஐந்து, ஆறு அடி தோண்டினால் உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கும் மண் குழிக்குள் சரியும். காவிரி வண்டல் மண், தண்ணீர் மட்டமும் மேலே இருக்கும் ஊர். மோட்டார் வைத்து இறைத்தால் தண்ணீரோடு நுண்மண்ணும் போகும், சுவர் இன்னும் இறங்கும். சுவரை ஒட்டித் தோண்டுவதை மட்டுமாவது உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், விரிசலைப் பூசிவிடாதீர்கள். ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய துண்டு வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். பக்கத்தில் சுவரிலேயே தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். நாலு இடத்தில் ஒட்டினால் போதும். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள், நீள்கிறதா என்று தெரியும்.

கடைவீதி:
காண்ட்ராக்டர் 'பழைய விரிசல்' என்கிறாரே, அதற்கு என்ன பதில் சார்?

சுண்ணாம்புக்காரை:
விரிசலே சொல்லும். பழைய விரிசலின் உள்விளிம்பு அழுக்கேறிக் கறுத்திருக்கும், உள்ளே ஒட்டடையும் வெள்ளையடித்த சுண்ணாம்பும் இருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். புதிய விரிசலில் விளிம்பு கூராக, உள்ளே செங்கல் நிறம் பளிச்சென்று தெரியும். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய விரிசலும் ஓரிரண்டு இருக்கத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டாம். அதையும் சேர்த்துப் படம் எடுத்தால்தான் உங்கள் பேச்சில் நம்பிக்கை வரும்.

ஆறுகல்தெரு மேஸ்திரி:
ஐயா சொன்னது எல்லாம் சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டைகளைச் சும்மா சிமெண்ட் கலவை போட்டு அடைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் கலவையில் இறுக்கிக் கட்டணும். கலவை மட்டும் போட்டால் காய்ந்ததும் சுருங்கி மேலே இடைவெளி விட்டுவிடும், பாரம் இறங்காது.

தஞ்சை வழக்குரைஞர்:
சட்டப்படி உங்கள் நிலை மோசமில்லை. ஆனால் கடைவீதி சொல்கிற வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை.

பத்திரத்தில் பொதுச்சுவர் என்று இருந்தால், ஆளுக்குப் பாதிக் கனம் என்று பொருள் இல்லை. மொத்தச் சுவரும் இரண்டு பேருக்கும் சேர்ந்தது. 'என் பாதியை நான் இடிக்கிறேன்' என்ற பேச்சு செல்லாது. மற்றவருக்குக் கேடு வராமல்தான் ஒருவர் அதைத் தொடலாம். முதலில் உங்கள் பத்திரம், முடிந்தால் அவருடைய பத்திரத்தின் நகல், இரண்டிலும் சொத்து விவரத்தில் அந்தச் சுவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய தெருக்களில் இரண்டு பத்திரமும் ஒன்றாகப் பேசாது என்பதும் உண்டு. ஒருவேளை சுவர் முழுக்க அவருடையது என்றே வந்தாலும், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இருக்கிறது. 20 ஆண்டு இடையூறு இல்லாமல், அமைதியாக, வசதியுரிமையாக அந்தச் சுவரின் தாங்கலை உங்கள் கட்டடம் அனுபவித்திருந்தால் அதுவே உரிமையாகிவிடும். உங்கள் உத்திரம் அதற்குள் உட்கார்ந்திருப்பதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

போலீஸ் விஷயம். கட்டடத்தை இடிக்கும்போதோ கட்டும்போதோ அது விழுந்து உயிருக்கு ஆபத்து வரும்படி கவனக்குறைவாக நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 290-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 288-ஆம் பிரிவில் இடிப்பதும் பழுது பார்ப்பதும்தான் இருந்தன, புதிய சட்டத்தில் கட்டுவதும் சேர்ந்திருக்கிறது. சொத்துச் சேதம் என்று 324-ஆம் பிரிவையும் சொல்வார்கள், ஆனால் அதற்கு வேண்டுமென்றே செய்தார், அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். நடைமுறையில் ஸ்டேஷனில் மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பதிவேட்டில் எழுதியதற்கான சீட்டு) கொடுத்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க' என்று முடிப்பார்கள். அந்த ரசீது பின்னால் ஒரு ஆவணமாக உதவும், அவ்வளவுதான். நஷ்ட ஈட்டை வாங்கித் தருவது போலீஸின் வேலை இல்லை. யாராவது ஸ்டேஷனிலேயே தொகை பேசி முடிக்கலாம் என்றால் ஒதுங்கிவிடுங்கள், கட்டப் பஞ்சாயத்துக்கு நாளைக்கு எந்த மதிப்பும் கிடையாது.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் அவருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள், வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். தேதி, என்ன நடந்தது, சுவரை ஒட்டித் தோண்டுவதை நிறுத்த வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இன்ஜினியரை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும். தொகை எதுவும் எழுதாதீர்கள். ஸ்பீடு போஸ்டில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. பதில் வரவில்லை, தோண்டுவதும் நிற்கவில்லை என்றால் அடுத்த நாளே சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்டு வழக்குப் போடலாம். கூடவே அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நேரில் பார்க்க அனுப்பும் வக்கீல்) நியமிக்க மனு. அவர் ஒரு இன்ஜினியரோடு வந்து, உள்ளதை உள்ளபடி அளந்து, படம் எடுத்து, கோர்ட்டுக்கு அறிக்கை கொடுப்பார். சுவர் தகராறில் அந்த அறிக்கைக்கு இருக்கும் கனம் வேறு எதற்கும் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. இருபதாயிரத்தை வாங்காதீர்கள், வாங்கினால் 'முழுத் தீர்வு' என்று எழுதிய தாளில் கையெழுத்து கேட்பார்கள். இரண்டாவது, போனில் எடுத்த மூலப் படங்களை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் சுருங்கி, எடுத்த நேர விவரமெல்லாம் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் வைக்க வேண்டும். எந்தப் போனில் எடுத்ததோ அந்தப் போனைப் பத்திரமாக வையுங்கள்.

கடைவீதி:
வக்கீல் சார், உங்கள் வரிசையில் போனால் தீர்ப்பு வருவதற்குள் இவர் வீடு தரையாகிவிடும். மாநகராட்சி புகாரையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை வழக்குரைஞர்:
மாநகராட்சிக்கு எழுதுவதில் தப்பில்லை, தாராளமாக எழுதட்டும். ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்த வழியில் வாங்கியிருந்தால் யாரும் முன்கூட்டி வந்து உங்கள் சுவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் பக்கத்துச் சுவரை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் பல விஷயம் தெரியும். தொடர் கட்டடப் பகுதியாக இருந்தால் பக்கவாட்டில் இடம் விடாமல் கட்டலாம். ஆனால் உங்கள் சுவரையே தன் சுவராகக் காட்டி வரைந்திருந்தால் அது வேறு கதை.

புதுமனை:
நான் எதிர்த்தரப்பு. கோபப்படாமல் படியுங்கள்.

திருச்சியில் நான் வீடு கட்டியபோது பக்கத்து வீட்டு மாமி விரிசல் என்று வந்தார். போய்ப் பார்த்தேன். இரண்டு அறையில் நூல் மாதிரி மயிரிழை விரிசல். நானே ஆள் வைத்துப் பூசி, அந்த இரண்டு சுவருக்கும் வண்ணம் அடித்துத் தருகிறேன் என்றேன். 'ஒரு சுவர் மட்டும் அடித்தால் நிறம் சேராது, வீடு முழுக்க அடி' என்றார். அடித்துக் கொடுத்தேன். அப்புறம் பாத்ரூம் டைல்ஸ். அப்புறம் மொட்டை மாடியில் ஒழுக்கு. கட்டுகிறவன் தலையில் இருபது வருஷப் பராமரிப்பையும் கட்டிவிடப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஓசூர்க்காரர் இருபதாயிரத்தில் நிற்பதற்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கலாம். அவருக்கு 4 லட்சம் என்ற தொகை எங்கிருந்து வந்தது என்று தெரியாது. உங்கள் இன்ஜினியர் உங்கள் ஆள். அவர் காண்ட்ராக்டர் அவர் ஆள்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒருவரை வையுங்கள், கூலியை ஆளுக்குப் பாதி போடுங்கள். எது இடித்ததால் வந்தது, எது காலத்தால் வந்தது என்று அவர் இரண்டு பத்தியில் எழுதித் தரட்டும். எனக்கு அன்றைக்கு அப்படி யாராவது சொல்லியிருந்தால் டைல்ஸ் காசு மிஞ்சியிருக்கும்.

சுண்ணாம்புக்காரை:
புதுமனை சொல்வதில் நியாயம் இருக்கிறது. 4 லட்சத்தில் என்னென்ன அடக்கம் என்று குடந்தைவாசி இங்கே போட முடியுமா? மதிப்பீட்டைப் பார்க்காமல் யார் பக்கமும் பேச எனக்கு விருப்பமில்லை.

குடந்தைவாசி:
ஜாக்கி நிறுத்திவிட்டோம், தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. கண்ணாடித் துண்டு ஒட்டியதில் கூடத்தில் ஒன்று உடைந்துவிட்டது, அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு மறுபடியும் கோபம்.

4 லட்சத்தில் இருப்பவை: ஓட்டைகளை அடைத்துக் கட்டுவது, உத்திர முனைகளுக்குக் கீழே கல் வைப்பது, விரிசல் ஓரமாகச் செங்கல் மாற்றிக் கட்டுவது, வெளிச்சுவர் பூச்சு, கூடத்துக்கும் சமையலறைக்கும் உள்பூச்சு, மேலே ஒட்டில் தளவரிசை புதிதாகப் போடுவது, வீடு முழுக்க வெள்ளையடிப்பது.

சுண்ணாம்புக்காரை:
தளவரிசையையும் வீடு முழுக்க வெள்ளையடிப்பதையும் எடுத்துவிடுங்கள். அவை உங்கள் செலவு. தளத்தில் ஒழுக்கு ஏற்கெனவே இருந்திருக்கும், இல்லையா? மிச்சமெல்லாம் நியாயமான கேள்வி. அந்த இரண்டையும் நீங்களே எடுத்துவிட்டுப் போனால் எதிரில் இருப்பவரின் குரலே மாறும்.

குடந்தைவாசி:
ஒழுக்கு இருந்தது உண்மைதான் சார். எடுத்துவிடுகிறேன்.

ஈரச்சுவர்:
மாம்பலத்தில் அடுக்குமாடியில் இருக்கிறேன். எங்கள் தகராறு வேறு வகை, மேல்வீட்டு பாத்ரூம் ஒழுக்கில் எங்கள் படுக்கையறைச் சீலிங் ஊறி, கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்தது. மேல்வீட்டுக்காரர் பேசவே தயாராக இல்லை. நாங்கள் வழக்குப் போடவில்லை, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தோம். வழக்குக்கு முந்திய மனு என்று எடுத்துக்கொண்டார்கள். கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. எதிர்த்தரப்புக்கு அவர்களே நோட்டீஸ் அனுப்பினார்கள். எங்கள் கதவைத் தட்டினால் திறக்காதவர் அந்த நோட்டீஸுக்கு வந்தார். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) உட்கார்ந்து பேசி, அவர் செலவில் நீர்க்கசிவு தடுப்பு வேலை, எங்கள் சீலிங் செலவில் பெரும்பங்கு அவருடையது என்று எழுதினோம். இன்னும் 'நமஸ்காரம்' சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் சீலிங் காய்ந்துவிட்டது.

தஞ்சை வழக்குரைஞர்:
இதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி லோக் அதாலத் தீர்வு ஒரு சிவில் கோர்ட் டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. பேசியபடி நடக்கவில்லை என்றால் நேராக நிறைவேற்று மனு போடலாம், முதலிலிருந்து வழக்கு நடத்த வேண்டியதில்லை. நீங்களே முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு இந்தப் பலம் இல்லை. அதை மீறினால் அந்த ஒப்பந்தத்தை வைத்துப் புதிதாக வழக்குப் போட வேண்டும். ஆகவே வெளியில் பேசி முடிவுக்கு வந்தாலும், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்து அதே நிபந்தனைகளை லோக் அதாலத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

ஆனால் ஒன்று. அங்கே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு. குழி தோண்டுவது நிற்காவிட்டால் அதற்குத் தடை உத்தரவுதான் மருந்து. பணத்துக்கு வழக்கு என்றாலும் பயப்பட வேண்டாம். 2017-இல் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். 3 லட்சம் கேட்டால் 9,000 ரூபாய். பிறகு அந்த வழக்கு லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கட்டணமும் திரும்ப வரும். நஷ்ட ஈட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று வருஷக் கெடு. அவசரப்பட்டு நாளைக்கே ஓட வேண்டாம், மறந்தும் உட்கார வேண்டாம்.

பாலிசி:
குறுக்கே ஒரு கேள்வி. காண்ட்ராக்டர் 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' காப்பீட்டு பாலிசி எடுத்திருக்கிறாரா? அதில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதிர்வு, தாங்கல் பலவீனமாவது ஆகியவற்றுக்குத் தனியாகச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். சின்ன வீட்டு வேலைக்கு எடுத்திருக்க மாட்டார்கள்தான், ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கடைவீதி:
கும்பகோணத்து ஒற்றை வீட்டுக்கு ஆல் ரிஸ்க் பாலிசியா! மேஸ்திரிக்குச் சம்பளப் பாக்கி இல்லாமல் இருந்தாலே பெரிது.

ஆறுகல்தெரு மேஸ்திரி:
அது உண்மைதான் 😀

குடந்தைவாசி:
நிலவரம் சொல்கிறேன். பாலிசி எதுவும் இல்லை, கேட்டேன், சிரித்தார்.

வழக்குரைஞர் சார் சொன்ன மாதிரி தொகை போடாமல் கடிதம் அனுப்பினோம். அன்று இரவே ஓசூரிலிருந்து போன். முதலில் சத்தம்தான்: "லெட்டர் எல்லாம் எதுக்கு, நான் என்ன ஓடியா போயிடுவேன்?" அம்மா போனை வாங்கி, "தம்பி, உங்க அப்பா இருந்தா இந்தச் சுவரு பக்கம் ஜேசிபியை விட்டிருப்பாரா?" என்று கேட்டார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வார இறுதியில் வருகிறேன் என்றார், வந்தார்.

உள்ளே வந்து கூடத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. காண்ட்ராக்டர் அவருக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் வெளிப்பக்கம் மட்டும். உடைந்த கண்ணாடியையும் பக்கத்தில் எழுதிய தேதியையும் தன் போனில் அவரே படம் எடுத்தார். சுவரை ஒட்டித் தோண்டுவதை அங்கேயே நின்று நிறுத்தச் சொன்னார். பொதுவாக ஒரு இன்ஜினியர் என்பதற்கும் ஒத்துக்கொண்டார், தஞ்சாவூரிலிருந்து ஒருவர், கூலி ஆளுக்குப் பாதி. நான் தளவரிசையையும் வெள்ளையடிப்பதையும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

சிக்கல் காண்ட்ராக்டர்தான். 'கூலிக்கு வேலை செய்கிறேன், சுவருக்கு நான் பொறுப்பில்லை' என்கிறார். நாங்கள் அவரிடம் கேட்க வேண்டுமா, பக்கத்து வீட்டுக்காரரிடமா?

தஞ்சை வழக்குரைஞர்:
நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு மட்டும் பேசுங்கள். காண்ட்ராக்டருக்குக் கொடுக்க வேண்டிய பில்லில் அவர் பிடித்துக்கொள்வாரா, சண்டை போடுவாரா என்பது அவர்கள் இருவருக்குள். வழக்கு என்று வந்தால் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்போம். பேச்சில் மூன்றாவது ஆளை இழுத்தால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டி நேரம் போகும், மழை வந்துவிடும்.

புதுமனை:
அவருக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். மிச்சம் இடிக்க வேண்டியதையும் அஸ்திவாரத்தையும் தொடங்கும் முன் அவருடைய மறுபக்கத்து வீட்டையும் உள்ளே போய்ப் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், இருதரப்பு கையெழுத்தோடு. கட்டுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

சுண்ணாம்புக்காரை:
தஞ்சாவூர் இன்ஜினியரிடம் அஸ்திவாரத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். பணத்தைவிட அது முக்கியம். சுவரை ஒட்டி ஒரே நீளமாகக் குழி எடுக்கக் கூடாது. நாலு, ஐந்து அடித் துண்டாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு, மண்ணை மூடிவிட்டுத்தான் அடுத்த துண்டு. அடுத்தடுத்த துண்டு வேண்டாம், ஒன்று விட்டு ஒன்று. தூணையே கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து மேலே பீமை நீட்டிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது, சுவர்ப் பக்கம் தோண்டவே வேண்டியதில்லை. அவருக்குக் கொஞ்சம் கம்பிச் செலவு கூடும், உங்கள் வீடு நிற்கும்.

குடந்தைவாசி:
தாமதத்துக்கு மன்னிக்கவும். இன்ஜினியர் அறிக்கை வந்து, பேசி, லோக் அதாலத்தில் எழுதியும் ஆகிவிட்டது. பலர் தனிச்செய்தியில் கேட்டதால் நிபந்தனைகளை இங்கேயே போடுகிறேன்.

பொதுச்சுவர் எங்கள் வீட்டுக்கே விடப்படுகிறது. அவர் தன் மனைக்குள் தனியாகத் தூணும் சுவரும் எழுப்பிக்கொள்வார், எங்கள் சுவரில் எதையும் சொருகக் கூடாது. தூண்களை உள்ளே தள்ளி வரைபடத்தை மாற்றிவிட்டார். ஓட்டை அடைப்பது, உத்திர முனைக்குக் கல், விரிசலில் செங்கல் மாற்றுவது, வெளிப்பூச்சு நான்கும் அவர் செலவு. ஆள் நாங்கள் வைக்கிறோம், அவர் நேராக மேஸ்திரிக்குக் கட்டுகிறார். உள்பூச்சு ஆளுக்குப் பாதி. தளவரிசை எங்களுடையது. அவர் பங்கு 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. பாதி முன்பணமாக வந்துவிட்டது. அவர் வீட்டு அஸ்திவாரம் மூடிய பிறகு ஒரு மழைக்காலம் முடியும்வரை புதிய விரிசல் வந்தால் அதே இன்ஜினியர் பார்த்துச் சொல்வதை இரண்டு பேரும் ஏற்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அவர் மூன்று மாதம் என்றார், அப்பா மூன்று வருஷம் என்றார்.

கடைவீதி:
சுவரை அவர் விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம். முக்கால் அடி இடம் போயிற்றே, எப்படி ஒத்துக்கொண்டார்?

குடந்தைவாசி:
அவருக்கும் லாபம் இருக்கிறது. பழைய சுவரோடு ஒட்டினால் அவருடைய புது வீட்டுக்கும் விரிசல் வரும் என்று இன்ஜினியர் எழுதிவிட்டார். தனியாகக் கட்டினால் நாளைக்கு நாங்கள் இடித்தாலும் அவருக்குக் கவலையில்லை.

தஞ்சை வழக்குரைஞர்:
சுவரின் கீழே இருக்கும் நிலம் யாருக்கு என்பதை அளவோடு எழுதினீர்களா? 'சுவர் விடப்படுகிறது' என்று மட்டும் இருந்தால் பிள்ளைகள் காலத்தில் மறுபடி கிளம்பும். சர்வேயரை வைத்து அளந்து வரைபடம் தயார் செய்யுங்கள். நிலத்தில் உங்களுக்கு உரிமை மாறுகிறது என்றால் பத்திரப் பதிவு தேவைப்படலாம். உள்ளூர் வக்கீலிடம் அந்த வரியை மட்டும் காட்டுங்கள்.

குடந்தைவாசி:
சர்வேயருக்கு மனு போட்டிருக்கிறோம். வரைபடம் வந்ததும் காட்டுகிறேன். மேஸ்திரி அண்ணே, உங்களுக்கு ஒரு கேள்வி: இரண்டு சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வருகிறது. அதை எப்படி மூடுவது? வெளிப்பூச்சு எப்போது போடலாம்?

ஆறுகல்தெரு மேஸ்திரி:
இடைவெளிக்குள் கலவை, செங்கல் துண்டு எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் சுவர் உயர உயர தெர்மோகோல் பலகை வைத்தபடி கட்டச் சொல்லுங்கள். மேலே தகரத்தையோ அலுமினியத் தகட்டையோ இரண்டு பக்கமும் மடித்து மூடணும். ஒரு பக்கம் மட்டும் ஆணி அடிங்க, இரண்டு பக்கமும் அடித்தால் சுவர் அசையும்போது தகடு கிழியும்.

பூச்சை அவர்கள் சுவர் எழும்பும் முன்னாடியே முடிக்கணும், அப்புறம் கை நுழையாது. சிமெண்ட் பூசாதீங்க, பூசினா மண் சாந்துச் சுவர் மூச்சு விடாது, ஈரம் உங்க கூடத்துப் பக்கம் வந்து பூச்சு உப்பும். சுண்ணாம்பை நன்றாக ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் போட்ட தண்ணியில் அரைச்சுப் பூசற ஆள் உங்க ஊரிலேயே இன்னும் இருக்காங்க, கோயில் திருப்பணி நடக்கிற இடத்தில் விசாரிச்சா கிடைப்பாங்க. ஐப்பசி பிறந்துட்டா சுண்ணாம்பு காயாது. அதனால் இந்த வருஷம் ஓட்டையை மட்டும் அடைச்சு, தார்ப்பாயை அப்படியே விட்டு, தை பிறந்ததும் பூசுங்க. அதுவரைக்கும் சுவர்ப் பக்கம் மேலே எழுப்ப வேண்டாம், தரைமட்டப் பீமோடு நிறுத்திக்கச் சொல்லி ஓசூர்த் தம்பிகிட்ட இப்பவே பேசி வெச்சிடுங்க.